ஆணையும் ஆராய்ச்சியும்

அரசு ஒன்று வீழுங்கால் அதனோடு வீழ்வன பல. நாணயத்தின் முகம் மாறும். வீதிகளின் பெயர் மாறும். சிலைகள் பீடத்தினின்றும் இறக்கப்படும். இவை யாவும் சில நாள்களுள் நிகழத்தக்கன. பல்கலைக்கழகத்தின் மாற்றமோ அத்துணை எளிதன்று. அதன் பெயரையும் தலைவரையும் பாடத்திட்டத்தையும் ஆணையொன்றினால் மாற்றிவிடலாம். ஆயின், ஆசிரியர் கூறுவதனை மாணவர் எங்ஙனம் ஏற்கின்றனர், எங்ஙனம் மறுக்கின்றனர் என்னும் பழக்கத்தை ஆணையினால் மாற்றுதல் அரிது. கல்வியின் உயிர்நிலை அப்பழக்கத்திலேயே உள்ளது என்க.

1989ஆம் ஆண்டு தொடங்கி 1991ஆம் ஆண்டுக்குள் கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பொதுவுடைமைக் கட்சிகளின் ஆட்சி முடிவுற்றது. அந்நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதன்பின் அடைந்த மாற்றங்களை மேனாட்டார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கல்முனைக் கரையிலிருந்து நோக்குவார்க்கு அவ்வரலாறு தொலைவிலுள்ளதாய்த் தோன்றலாம். இலங்கையிற் பொதுவுடைமை அரசு அமைந்ததுமில்லை, வீழ்ந்ததுமில்லை. எனினும், மார்க்சியம் என்னும் கோட்பாடு நம் தமிழ்த்துறைகளுட் புகுந்து, ஒரு தலைமுறையினர் இலக்கியத்தை நோக்கிய முறையையே மாற்றியது. பேர்லினிலும் மாஸ்கோவிலும் அரசின் கோட்பாடாயிருந்த அதே மார்க்சியம், இங்கே அறிஞர் சிலர் வாதிட்டு நிலைநாட்ட வேண்டிய கொள்கையாயிருந்தது. அங்கே அதற்கு நேர்ந்த முடிவும் இங்கே அதற்கு நேர்ந்த முடிவும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்தலும், அதனின்றும் நம் பகுதியின் உயர்கல்வி பெறத்தக்க படிப்பினையைத் துணிதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீழ்ச்சிக்கு முன்

முதற்கண் நடுநிலை வேண்டும். பொதுவுடைமை அரசுகளின் கீழிருந்த பல்கலைக்கழகங்கள் யாவும் பொய்க் கல்விக்கூடங்களே என்பார் கூற்று உண்மையாகாது. சோவியத் ஒன்றியத்திற் கணிதமும் பௌதிகமும் உலகின் முன்வரிசையில் நின்றன. ஆலைத் தொழிலாளரும் உழவரும் உயர்கல்வி பெறுதற்கென 1919 முதல் அங்கே தொழிலாளர் பீடங்கள் அமைக்கப்பட்டன. கிழக்கு ஜேர்மனியிலும் அவ்வாறே 1949 முதல் தொழிலாளர் உழவர் பீடங்கள் இயங்கின. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மாணவர்க்கென 1960இல் மாஸ்கோவில் நிறுவப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், அடுத்த ஆண்டில் கொங்கோ நாட்டுத் தலைவர் பத்திரிசு லுமும்பாவின் பெயரைப் பெற்றது. இலங்கையிலிருந்தும் மாணவர் பலர் அங்கே சென்று பட்டம் பெற்று மீண்டனர். பொருள் வசதியில்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது திறந்த வாயிலாக அமைந்தது. இந்நன்மைகளை மறைத்துக் கூறுதல் ஆராய்ச்சியாகாது.

இனி மறுபுறத்தை நோக்குவாம். மாணவர் மருத்துவம் பயிலினும் பொறியியல் பயிலினும் கட்சியின் வரலாறு, இயங்கியற் பொருள்முதல்வாதம், அரசியற் பொருளாதாரம், அறிவியற் பொதுவுடைமை என்பனவற்றைக் கட்டாயமாகப் பயின்று பரீட்சை எழுதுதல் வேண்டும். அப்பாடங்களில் வினாக்கள் இருந்தன, ஐயங்களுக்கு இடமில்லை. விடை முன்னரே முடிவாயிருந்தமையின், மாணவரின் திறமை அவ்விடையைப் பிழையின்றி ஒப்புவிப்பதில் அடங்கியது. மார்க்சோ தம் காலத்து அரசையும் பொருளாதார நூலாரையும் ஓயாது வினாவி எழுதியவர். 'மூலதனம்' என்னும் அவருடைய பெருநூலின் துணைத்தலைப்பிலேயே 'திறனாய்வு' என்னும் சொல் உள்ளது. திறனாய்விற் பிறந்த ஒரு கோட்பாடு, அரசின் கையை அடைந்ததும், திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாயிற்று. இதுவே அக்கோட்பாட்டுக்கு நேர்ந்த முதற்கேடு. அதன் பகைவர் அதற்குச் செய்த தீங்கினும், அதனைக் காப்பதாய்க் கூறியவர் செய்த தீங்கு பெரிது.

பதவிகளுக்குப் புலமையோடு கட்சியின் நம்பிக்கையும் வேண்டப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் செக்கோசிலோவாக்கியாவுள் நுழைந்தபின், அந்நாட்டுக் கல்விக்கூடங்களினின்றும் அறிஞர் பலர் விலக்கப்பட்டனர். தமிழுலகம் நன்கறிந்த கமில் சுவெலபில் பிராக் நகரை விட்டு வெளியேறி, அமெரிக்காவிலும் பின்னர் ஒல்லாந்திலும் பணியாற்றினார். 'முருகனின் புன்னகை' என்னும் பொருள்படும் தலைப்பில் தமிழிலக்கியம் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1973இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து வெளிவந்தது. சங்கப் பாட்டை ஆராய்ந்த ஒருவர் வாழ்தற்கும் இடம் சுருங்கியமை, அவ்வாட்சியின் கல்விநிலையைக் காட்டும் ஓர் அளவுகோலாகும்.

வீழ்ச்சிக்குப் பின்

ஆட்சி வீழ்ந்தபின் முதலில் மாறியவை பெயர்கள். ஜேர்மனியின் லைப்சிக் நகரப் பல்கலைக்கழகம் 1953 முதற் பூண்டிருந்த கார்ல் மார்க்சின் பெயரை 1991இல் நீக்கியது. மாஸ்கோவில் லுமும்பாவின் பெயர் 1992இல் நீக்கப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் கழிய, 2023இல் அதே பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. போனதும் ஆணையால், வந்ததும் ஆணையால். இடைக்காலத்தில் லுமும்பா என்னும் மனிதரைப் பற்றிய அறிவு அங்கே வளர்ந்ததோ தேய்ந்ததோ என்பதனை அப்பெயர்ப்பலகை நமக்கு உணர்த்தாது.

பெயருக்கு அப்பாற் சென்று நோக்குதற்குப் பேர்லின் சிறந்த எடுத்துக்காட்டு. வில்ஹெல்ம் ஃபொன் ஹம்போல்ட் வகுத்த கருத்தைத் தழுவி 1810இற் பிறந்த அப்பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்தலும் பிரிக்கலாகாதன என்னும் கொள்கைக்கு உலகெங்கும் முன்மாதிரியாயிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின. அவ்வாண்டு டிசம்பரிற் பேர்லின் நகர அரசு, அங்குள்ள சட்டம், பொருளாதாரம், வரலாறு, மெய்யியல், கல்வியியல் முதலிய துறைகளைக் கலைத்துப் புதிதாக அமைக்க முடிவு செய்தது. பல்கலைக்கழகம் நீதிமன்றத்தை நாடியது. 1991இல் மேல்நீதிமன்றம் அம்முடிவு சட்டத்துக்கு ஒவ்வாதது எனத் தீர்த்தது. எனினும் பின்னர் இயற்றப்பட்ட விதிகளின்படி குழுக்கள் அமைக்கப்பட்டுத் துறைகள் திருத்தப்பட்டன. அக்குழுக்களில் மேற்கு ஜேர்மனியப் பேராசிரியர்களின் கை ஓங்கியிருந்தது. பழைய ஆசிரியருட் பெரும்பகுதியினர் பதவியிழந்தனர். 1990இல் தேர்தல் வாயிலாகத் தலைவரான இறையியற் பேராசிரியர் ஹைன்றிக் ஃபின்க், பழைய அரசின் இரகசியக் காவற்றுறையோடு தொடர்புடையவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1991 நவம்பரில் நீக்கப்பட்டார். அவர் அதனை மறுத்தார். மாணவர் பலர் அவர் பக்கம் நின்று கிளர்ச்சி செய்தனர்.

இந்நிகழ்ச்சிகளை எங்ஙனம் மதிப்பிடுவது? உடனாசிரியரை உளவு பார்த்தவரும், கட்சி அட்டை ஒன்றையே புலமையாகக் கொண்டவரும் விலக்கப்படவேண்டியவரே. அவராற் படிப்பிழந்த மாணவரும் பதவியிழந்த ஆசிரியரும் பலராதலின், அவரை அவ்வாறே விட்டுவைத்தல் நீதியாகாது. ஆயின், ஒருவர் எழுதிய நூலையும் நடத்திய பாடத்தையும் ஆராய்ந்து விலக்குதல் வேறு; துறையின் வாயிற்பலகையைக் கண்டு அதனுள் இருந்தார் அனைவரையும் ஒருங்கே விலக்க முனைதல் வேறு. முன்னது பல்கலைக்கழகத்துக்குரிய செயல்; பின்னது பழைய அரசின் செயலையே புதிய அரசு செய்தது போலாகும். பழைய ஆட்சியில் மெய்யியற்றுறை என்ன கூறவேண்டும் என்பதனை மேலிருந்து விதித்தனர். புதிய ஆட்சியில் அத்துறை இருக்கலாமா என்பதனை மேலிருந்து விதிக்க முயன்றனர். நீதிமன்றம் அதனைத் தடுத்தமை அந்நாட்டுக்கு வாய்த்த நற்பேறு.

அப்பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடத்தினுட் புகுவார், ஃபாயர்பாக்கைப் பற்றி மார்க்ஸ் எழுதிய குறிப்புகளுள் பதினோராவதனைப் பொன்னெழுத்திற் சுவர்மீது காண்பர். 1953இற் பொறிக்கப்பட்ட அது, ஆட்சி மாறிய பின்னும் நீக்கப்படவில்லை. இன்று அதனைப் படிக்கும் மாணவர் உடன்படலாம், மறுக்கலாம், பொருட்படுத்தாது படியேறிச் செல்லலாம். இவ்வுரிமை வந்த பின்னரே அவ்வாசகம் அங்கே ஒரு பாடமாயிற்று எனலாம்.

ருஷ்யாவில் மாற்றம் வேறொரு வழியிற் சென்றது. அங்கே பிற நாட்டுப் பேராசிரியர் வந்து துறைகளைத் திருத்தினாரல்லர். அறிவியற் பொதுவுடைமை கற்பித்த துறைகள் பல, அரசியல் விஞ்ஞானம், சமூகவியல், பண்பாட்டியல் எனப் புதுப்பெயர் பூண்டன. கற்பித்தவர் பெரும்பாலும் பழையவரே. 1992ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தனியார் கல்விக்கூடங்களுக்கும் கட்டண மாணவர்க்கும் வழி திறந்தது. அவ்வாண்டில் விலைவாசி பன்மடங்கு உயரவே, பேராசிரியரின் சம்பளம் வாழ்க்கைக்குப் போதாதாயிற்று. அறிஞர் பலர் வெளிநாடு சென்றனர். எஞ்சியோருட் பலர் இரண்டு மூன்று இடங்களிற் பாடஞ்சொல்லிப் பிழைத்தனர். சட்டமும் வணிகமும் கற்க விரும்பிக் கட்டணம் செலுத்துவார் பெருகினர். அடிப்படை அறிவியலும் தொல்மொழிகளும் ஆதரவின்றி மெலிந்தன. கட்சியின் ஆணை போயிற்று. அவ்விடத்திற் பணத்தின் ஆணை வந்தமர்ந்தது. இரண்டுக்குமுரிய ஒற்றுமை யாதெனில், எது கற்கத்தக்கது என்பதனைக் கற்றோர் அல்லாதார் தீர்மானிப்பதேயாம்.

ஹங்கேரியின் வரலாறு இதனினும் எச்சரிக்கையானது. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த சூழலில், 1991இல் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுப் புடாபெஸ்ட் நகரிற் சிறந்து விளங்கியது. 2017இல் அந்நாட்டு அரசு இயற்றிய சட்டத்தால் அதன் பட்டங்களை ஆங்கே வழங்குதல் இயலாதாகவே, 2019இல் அது வியன்னா நகருக்குப் பெயர்ந்தது. அச்சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்கு முரணானது என 2020இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தபோது, பல்கலைக்கழகம் நகரை விட்டகன்று ஓராண்டு கழிந்திருந்தது. பொதுவுடைமையை எதிர்த்து எழுந்த அரசும் பல்கலைக்கழகத்தின்மீது ஆணை செலுத்தும் ஆசையினின்றும் நீங்கியதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இத்துணைக் குழப்பத்தினிடையே குலையாது நின்றவை யாவை? நமக்கு அணுக்கமான ஒன்றைக் காண்போம். பிராக் நகரிற் சுவெலபில் விட்டுச்சென்ற தமிழ்க்கல்வியை யாரொஸ்லவ் வாச்செக் தொடர்ந்து பேணினார். 1989இன் பின்னரும் அது நின்றது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, சோவியத் ஆட்சியிலும் அதன் பின்னரும், 2020இல் மறையுங்காறும் தமிழ் கற்பித்தார். பண்டைத் தமிழ்ப் பாட்டின் சடங்கு, தொன்மம் ஆகிய மூலங்களைப் பற்றிய அவருடைய நூல் 1989இல் ருஷ்ய மொழியில் வெளிவந்தது. 2000இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இடையில் ஒரு பேரரசு மறைந்தது. நூலின் அடிப்படை வாதம் மறையவில்லை. திணைமரபு பற்றி அவர் கூறியன பாட்டைச் சான்றாகக் கொண்டவை. கட்சியைச் சான்றாகக் கொண்டவையல்ல. சான்று நிற்குங்காறும் வாதமும் நிற்கும். வலிய சான்று வேறு கிடைப்பின் வீழும். அறிவுக்குரிய பிறப்பிறப்பு அதுவே.

இதற்கு எதிர்நிலையாக மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ் நூல்களைக் கூறலாம். முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் அச்சிட்ட நூல்கள் மிகக் குறைந்த விலைக்கு நம் வீடுகளையும் நூலகங்களையும் அடைந்தன. அரசு மறைந்ததும் அவ்வரவு நின்றது. ஆயினும் அவற்றுட் சில நூல்கள் தமிழ்நாட்டிற் பிறரால் மீளப் பதிப்பிக்கப்பட்டு இன்றும் விற்பனையாகின்றன; அவை பெரும்பாலும் கதைகளும் நாவல்களும் சிறுவர் நூல்களுமாம். கட்சி மாநாட்டு அறிக்கைகளை மீளப் பதிப்பிப்பார் அரியர். மக்கள் விரும்பிப் படித்தது எது, அனுப்பியதனால் மட்டும் வந்தது எது என்பதனைக் காலம் இங்ஙனம் பிரித்துக் காட்டியது.

ஈழத்து மார்க்சியத் திறனாய்வு

இனி நம் நாட்டுக்கு வருவாம். ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் மார்க்சிய நோக்கை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானோர் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியுமாவர். இருவரும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் புலமையும் மார்க்சிய நோக்கும் ஒருங்கே உடைய ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். தமிழ் வீரநிலைக் கவிதையைக் கிரேக்கம் முதலிய பிறமொழிக் கவிதைகளோடு ஒப்பிட்ட கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்த சிவத்தம்பியின் நூல் 1981இல் வெளியாயிற்று. இலக்கியம் புலவன் ஒருவனின் அகத்தில் மட்டும் தோன்றுவதன்று. அது சமூகத்தின் உற்பத்தியுறவுகளோடும் அதிகாரத்தோடும் பிணைந்தது என்னும் கொள்கையை இவர்கள் தமிழ்த்துறைகளுட் கொணர்ந்தனர்.

அக்கொள்கை எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதன்று. பேச்சுவழக்கு இலக்கியத்திற் புகலாமா என்பது பற்றி 1960களின் முற்பகுதியில் மரபுவாதிகளோடு பெரும்போர் நிகழ்ந்தது. முற்போக்கு அணியினின்றும் பிரிந்த எஸ். பொன்னுத்துரை 'நற்போக்கு' என்னும் தனிக்குரல் எழுப்பினார். மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் அவ்வணியினரின் அளவுகோல்களை வன்மையாகக் கண்டித்தார். சொற்கள் சில வேளை கடுமையாயின. தனியாள் வசையும் கலந்தது. எனினும் பயன் ஒன்று விளைந்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று தேடவேண்டிய கட்டாயம் மார்க்சியர்க்கு உண்டாயிற்று.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகியபோது இடதுசாரிக் கட்சிகள் ஆளுங் கூட்டணியில் இருந்தன. அவ்வணியினர்க்கும் பத்திரிகை, பதவி, பாடநூல் ஆகிய வாய்ப்புகள் கிட்டின. ஆகவே அவர்தம் கொள்கையும் ஆணையின் நிழலில் வளர்ந்ததே என்பர். இம்மறுப்பு வலியற்றதன்று. பதவியின் செல்வாக்கினால் மட்டும் பெயர்பெற்ற கட்டுரைகளும், கட்சிச் சார்பினால் மட்டும் பாராட்டப்பட்ட சிறுகதைகளும் அக்காலத்தில் இருந்தன. அவை இன்று எங்கே? சோசலிச யதார்த்தவாதம் என்னும் ஒற்றைக் கோலால் அளந்து எழுதப்பட்ட மதிப்புரைகளைத் தேடிப் படிப்பார் இலர். வீரநிலைக் கவிதை பற்றிய ஆராய்ச்சியையோ இன்றும் படிக்கின்றனர். மறுப்பவரும் படித்தே மறுக்கின்றனர். ஆகவே மறுப்பு நம் கருத்தை அழிப்பதன்று, உறுதிசெய்வதே. ஒரே அறிஞரின் எழுத்துக்குள்ளும் சலுகையால் நின்றது சலுகையோடு போயிற்று. சான்றால் நின்றது நிலைத்தது.

கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் இவ்வகையிற் சிறப்பாகக் கருதத்தக்கவர். யாழ்ப்பாணத்திலும் பின்னர்ப் பேராதனையிலும் கற்பித்த அவர் 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' என்னும் நூலை 1987இல் வெளியிட்டார். சோவியத் ஒன்றியம் நிலைத்திருந்த காலத்தது அந்நூல். எனினும் மார்க்சியத்தை ஒற்றைக் குரலாகக் கொள்ளாது, அதனுள் மாறுபட்ட நிலைகள் உள என்பதனைக் கருத்திற்கொண்டு வாதிடுவது அதன் இயல்பு. கட்சியின் சொல்லை இறுதிச் சொல்லாகக் கொள்ளாத நூலுக்குக் கட்சியரசின் வீழ்ச்சியால் இழப்பு நேராது. 1991இன் பின் நம் நாட்டில் மார்க்சியர் என்பதற்காக எந்தத் துறையும் கலைக்கப்படவில்லை. கலைக்கவேண்டிய தேவையும் எழவில்லை. இனம், சாதி, பெண்நிலை, மொழியமைப்பு எனப் புதிய வினாக்கள் வந்தன. மார்க்சியம் அவற்றோடு வாதிட்டுச் சில இடங்களிற் பின்வாங்கியது. சில இடங்களில் தன்னைத் திருத்திக்கொண்டது. தேசிய இனப்பிரச்சினையைப் பற்றிச் சிவத்தம்பி பிற்காலத்தில் எழுதியவை அத்திருத்தத்துக்குச் சான்று.

அது பின்வாங்கவேண்டிய இடமும் இருந்தது. உழைப்போர் இனபேதமின்றி ஒன்றிணைவர் என்னும் எதிர்பார்ப்பை நம் கிழக்குக் கரையின் வரலாறு பொய்யாக்கிற்று.

கல்முனைக் கரை

1942ஆம் ஆண்டிற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியேற்ற ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளோடு அவர் நட்புப் பூண்டார். அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை நிறுவினார். விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர். 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில், பண்டை இசைமுறையைப் பற்றித் தாம் கூறியதனைக் கணக்கிட்டுக் காட்டினார். உடன்படாதார் அக்கணக்கையே எடுத்து மறுக்கலாம். இந்துவும் முஸ்லிமும் கல்வியின் பொருட்டுக் கூடிப் பேசிய அக்காலம் இக்கரையினர் மறத்தற்கரியது.

1990ஆம் ஆண்டில் இங்கே வீழ்ந்தது அரசன்று, அயலார்க்கிடையேயிருந்த நம்பிக்கை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களும், வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களும் கொலையுண்டனர். வந்தாறுமூலையில் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்துக்கு இக்கரையின் முஸ்லிம் மாணவர் அச்சமின்றிச் செல்லும் வழி அடைபட்டது. இச்சூழலிலேயே 1995இல் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது; 1996இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்து ஒலுவிலில் நிலைகொண்டது. அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சி அதற்கு முதற்காரணம். அதனை முஸ்லிம் பல்கலைக்கழகம் எனப் பெருமையாகக் கூறுவாரும் உளர். குறையாகக் கூறுவாரும் உளர். சட்டத்தின்படி அது தேசியப் பல்கலைக்கழகம். நாடெங்குமிருந்து சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அதன்கண் பயில்கின்றனர்.

ஐரோப்பிய வரலாற்றை அளவுகோலாகக் கொண்டு நோக்குமிடத்து, நம் பல்கலைக்கழகங்களை மூவகை ஆணைகள் சூழ்ந்துள்ளமை தெரியவரும். முதலாவது அரசின் ஆணை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பரந்த தன்னாட்சியோடு தோன்றியது. 1966, 1972, 1978 என ஆட்சி மாறுந்தோறும் சட்டமும் மாறியது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பேரவை பரிந்துரைக்கும் மூவருள் ஒருவரை உபவேந்தராக நியமிப்பவர் சனாதிபதி. அப்பேரவையிலும் வெளியிலிருந்து நியமிக்கப்படுவோரே தொகையில் மிகுந்தவர். சட்டம் நல்லார் கையில் நன்றாய் இயங்கும் என்பது உண்மையே; ஆயினும் நல்லாரை நம்பி எழுதப்படும் சட்டம் அல்லாதார்க்கும் அதே கருவியைக் கொடுத்துவிடுகின்றது. இரண்டாவது பணத்தின் ஆணை. வேலை தரும் படிப்பே படிப்பு என்னும் கூற்று ருஷ்யாவில் விளைத்த மெலிவை மேலே கண்டோம்.

மூன்றாவது சமூகத்தின் ஆணை. மற்றிரண்டினும் இது நுண்ணியது. யாரும் எழுதிக் கையொப்பமிடாதது. நம் உயர்தர வகுப்புகளில் இந்து நாகரிகம் என ஒரு பாடமும் இஸ்லாமிய நாகரிகம் என ஒரு பாடமும் உள. இந்து மாணவர் முன்னதனையும் முஸ்லிம் மாணவர் பின்னதனையும் பெரும்பாலும் தெரிவு செய்கின்றனர். சட்டம் அவ்வாறு விதிக்கவில்லை, வழக்கம் விதித்துள்ளது. அதன் பயனாக, ஒரே தமிழைப் பேசி, அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இரு சாரார், ஒருவர் மற்றவருடைய சமயத்தையும் வரலாற்றையும் நூல்வாயிலாக அறியாமலே பல்கலைக்கழகம் புகுகின்றனர். தன் சமயத்தைத் தன்னவர் நடுவில் மட்டும் கற்பவர், மறுப்பார் ஒருவரையும் காணாமலே பட்டம் பெறுகின்றனர். அறிவியற் பொதுவுடைமையைக் கற்ற மாஸ்கோ மாணவரின் நிலையும் இதுவேயன்றோ? கோட்பாடு வேறு, கற்கும் முறை ஒன்று. பரீட்சை மண்டபத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பாடம், எத்துணைப் புனிதமானதாயினும், மாணவரின் உள்ளத்தில் வேர்கொள்ளுமோ என்பது ஐயமே.

நம் முன்னோர் கற்பித்த முறை இதுவன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரைச் சுபக்கத்தோடு தொடங்கவில்லை. உலகாயதர் முதலாகப் பதினான்கு சாராரின் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்தோதி, அவற்றை மறுத்த பின்னரே தம் சித்தாந்தத்தை விரித்தார். கடவுளே இல்லை என்பாரின் வாதத்தையும் சைவ மாணவர் முதலிற் கற்கவேண்டும் என்பது அந்நூலின் அமைப்பாற் பெறப்படும். இஸ்லாமிய மரபிலும் இமாம் கஸ்ஸாலி, மெய்யியலாரை மறுக்கப் புகுமுன், அவர்தம் நோக்கங்களை விளக்கித் தனிநூல் ஒன்றே எழுதினார். அதன் பின்னரே மறுப்புநூலை இயற்றினார். அம்மறுப்பையும் மறுத்து இப்னு ருஷ்து எழுதினார். மாற்றாரின் கொள்கையை அவரே வியக்குமாறு எடுத்துரைக்கும் ஆற்றல், தன் கொள்கையில் உறுதியுடையார்க்கே வாய்ப்பது. இவ்விரு மரபுகளுக்கும் உரியவர்களாகிய நாம், ஐயத்தைப் பகையெனக் கருதுவது பொருந்தாது.

ஆகவே இக்கரையின் உயர்கல்விக்கு வேண்டுவன சில. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைக்கும் அரபு மொழிக்கும் தனிப்பீடம் உண்டு. யாழ்ப்பாணத்திற் சைவ சித்தாந்தத்துக்குத் தனித்துறை உண்டு. இவ்விடங்களிற் பயில்வோர் மற்றவர் மரபின் மூலநூல்களுட் சிலவற்றையேனும் அம்மரபில் வல்லாரிடம் பாடங்கேட்டல் வேண்டும். சீறாப்புராணமும் பெரியபுராணமும் ஒரே வகுப்பில் ஒப்பிட்டுக் கற்கப்படல் வேண்டும். 1990ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைத் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒருங்கிருந்து சான்றுகளோடு ஆராயும் நிலை உண்டாதல் வேண்டும். அது துன்பந்தரும் ஆராய்ச்சியாகும்; ஆயினும் அதனைத் தாங்கவல்ல இடம் பல்கலைக்கழகத்தையன்றி வேறு யாது? பதவிகளுக்கு ஒருவரைத் தெரிவு செய்யுங்கால், அவர் யாருடைய ஆள் என்று வினவாது, அவர் எழுதியது யாது என்று வினவும் வழக்கம் வலுப்பெறல் வேண்டும்.

ஒலுவிற் பல்கலைக்கழகம் அரசியற்றலைவர் ஒருவரின் முயற்சியாற் பிறந்தது என்பது அதற்கு இழுக்கன்று. பேர்லினும் அரசன் ஆணையாற் பிறந்ததே. பிறப்பு ஆணையால் நிகழலாம். வாழ்வு அதனால் மட்டும் அமையாது. அஷ்ரஃப் 2000ஆம் ஆண்டில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார், அவருக்குப் பின் ஆட்சிகள் பல மாறின, இனியும் மாறும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெயர்ப்பலகையும் பதவியும் பாடத்திட்டமும் அசையக்கூடும். அப்போது எஞ்சி நிற்பது, மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியரிடம் சான்று கேட்கும் உரிமையும், ஆசிரியர் சினவாது அதற்கு விடையிறுக்கும் பண்புமேயாம். பேர்லினில் ஒரு பெருங் கோட்பாடு அரசோடு சரிந்ததையும், அதே கோட்பாடு கல்முனைக்குடியிற் பிறந்த ஒருவரின் நூலிற் சரியாது நின்றதையும் கண்ட நாம், நம் பிள்ளைகளுக்கு எம்முறையிற் கற்பிக்கவேண்டும் என்பதனை அறியாதார் போல் இருத்தல் தகாது.